காப்புப் பிரதியும் வீட்டுச் சுவரும்

ஒரு காரியம் சிரமமானதாக இருந்தால் மனிதர்கள் அதை முணுமுணுத்துக்கொண்டாவது செய்து முடித்துவிடுவார்கள். அது எப்போது முடியும் என்பதே தெரியாமல் இழுத்துக்கொண்டு போகுமானால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டு, நாளடைவில் அப்படி ஒரு காரியம் இருந்ததையே மறந்துவிடுவார்கள். கணினியில் உள்ளவற்றுக்குக் காப்புப் பிரதி எடுத்து வைப்பது, அதாவது நம் வீட்டுப் பிள்ளைகள் ‘பேக்கப்’ என்று சொல்லும் வேலை, நமது குடும்பங்களில் இந்தக் கதியைத்தான் அடைந்திருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் இதை அலட்சியம் என்று கண்டிக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. பெரும்பாலோர் தொடங்கத்தான் செய்கிறார்கள். புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க்கை வாங்கி வந்து, கணினியில் செருகி, இன்னும் இத்தனை மணி நேரம் ஆகும் என்று திரை காட்டுவதைக் கண்டு மலைத்து, இரவெல்லாம் ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் படுக்கப் போய், காலையில் எழுந்து பார்க்கையில் கணினி தானும் உறங்கிப்போய் வேலை பாதியில் நின்றிருப்பதைக் கண்டு, அந்த டிஸ்க்கை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஆகவே பிரதி எடுப்பதில் உள்ள மந்தகதியை வெறும் சௌகரியக் குறைவாகக் கருதுவதற்கில்லை. அது பாதுகாப்புக் குறைவே.

அலமாரியில் பூட்டப்பட்டது போக, கணினிக்குள் ஒற்றைப் பிரதியாக எஞ்சி நிற்பது என்ன என்று பாருங்கள். வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பெண்ணின் கல்யாண வீடியோ, பையன் மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வேடு, கடையின் ஜிஎஸ்டி கணக்கு, காலஞ்சென்ற பாட்டி பாடியதைக் கைபேசியில் பிடித்து வைத்த பதிவு என்று முன்பெல்லாம் பீரோவிலும் பரணிலும் பெட்டியிலுமாகப் பிரிந்து கிடந்த ஒரு குடும்பத்தின் சர்வ சொத்தும் இன்று ஒரே டிஸ்க்கில் வந்து குவிந்திருக்கிறது. அந்த டிஸ்க்கோ, பழைய வகையாக இருந்தால், நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் ஒரு தகடு. அதன் மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் மிதந்துகொண்டு ஒரு முனை எழுதுகிறது, படிக்கிறது. இத்தனை நுட்பமான ஒரு யந்திரம் ஒரு நாள் நின்றுபோகும் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இத்தனை நாள் ஓடியதே ஆச்சரியம். சுழலும் தகடில்லாத புது வகை டிஸ்க்குகள் அடிபட்டால் தாங்குகின்றன. ஆனால் அவை சாகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே சாகின்றன.

பிரதி எடுப்பது மெதுவாக நடக்கிறது என்றவுடன் நம்மவர்கள் முதலில் சந்தேகிப்பது இணைய இணைப்பைத்தான். உடனே சேவை நிறுவனத்துக்குப் போன் போட்டு, 100 மெகாபிட் திட்டத்தை 300 ஆக்கி, மாதந்தோறும் அதிகப் பணம் கட்டத் தொடங்குகிறார்கள். ஆனால் கூடத்து மேஜையில் இருக்கும் மடிக்கணினியிலிருந்து உள்ளறையில் இருக்கும் டிஸ்க்குக்குப் போகும் படம் ஒன்று தெருவாசலைத் தாண்டுவதே இல்லை. அதன் பிரயாணம் முழுவதும் நம் கூரைக்குக் கீழேயே நடந்து முடிந்துவிடுகிறது. வெளியிலிருந்து வரும் இணைப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தப் பிரயாணத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

இந்தக் குழப்பத்துக்கு விளம்பரங்களும் ஓரளவு துணைபோகின்றன. இணைப்பை விற்பவர்கள் வேகத்தைப் பிட்டுகளில் சொல்கிறார்கள். கணினியோ கோப்புகளின் அளவைப் பைட்டுகளில் காட்டுகிறது. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நூறு மெகாபிட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டது கணினித் திரைக்கு வரும்போது பன்னிரண்டரை மெகாபைட்டாகச் சுருங்கிவிடுகிறது. தொலைத்தொடர்புத் துறையில் பிட்டுகளில் எண்ணுவது பழைய வழக்கம் என்பதால் இதில் மோசடி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெரிய எண்ணாகத் தெரியும் அலகு விற்பவனுக்கு வசதியாக அமைந்துவிட்டது என்று சொல்வதில் தவறில்லை. எட்டால் வகுக்கத் தெரிந்த எவரும் தம் வீட்டுக் கணக்கைத் தாமே போட்டுக்கொள்ளலாம். ஐந்நூறு கிகாபைட் அளவுள்ள படங்களையும் பத்திரங்களையும் பிரதி எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழியில் எங்கேனும் நூறு மெகாபிட்டுக்கு மேல் விடாத ஒரு குறுகல் இருந்தால் குறைந்தது பதினொரு மணி நேரமாகும். வழி முழுவதும் ஆயிரம் மெகாபிட்டாக இருந்தால் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அலமாரியில் பூட்டி வைக்கப்பட்ட டிஸ்க்குக்கும் வாரந்தோறும் உபயோகத்தில் இருக்கும் டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசம்தான்.

எனவே செய்ய வேண்டியது அந்தக் குறுகல் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிப்பது. பணம் செலவழிப்பதற்கு முன் அளந்து பார்ப்பது என்ற சாதாரணமான விவேகம் இந்த விஷயத்தில் நம்மிடம் அபூர்வமாகவே காணப்படுகிறது. ஐந்தாறு கிகாபைட் உள்ள ஒரே ஒரு பெரிய வீடியோக் கோப்பை எடுத்து நகலெடுத்துப் பாருங்கள். கணினி காட்டும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவுள்ள சின்னச் சின்னப் படங்கள் நிறைந்த ஒரு கோப்புறையை நகலெடுங்கள். பெரிய கோப்பு விரைந்து போய்ச் சிறியவை ஊர்ந்து போனால், கோளாறு பாதையில் அன்று, சரக்கில். பதிவுத் தபால் ஜன்னலில் ஒரு மூட்டையை ஒரே ரசீதில் அனுப்புவதற்கும், அதே எடையுள்ள ஆயிரம் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து, முத்திரை குத்தி, ரசீது வாங்கி அனுப்புவதற்கும் உள்ள பேதம் அது. ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், தேதி, இடம் என்று குறிப்பெழுதித் திறந்து மூடும் வேலை இருக்கிறது, கோப்பு எத்தனை சிறியதாயினும் அந்த வேலை குறைவதில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து அனுப்புமானால் இன்னும் தாமதம். இதற்குப் பரிகாரம், நகலெடுப்பதற்கென்றே அமைந்த ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு, முதல் தடவை பொறுத்துக்கொள்வதுதான். மாறாதவற்றைத் தொடாமல், மாறியவற்றை மட்டும் அனுப்பும் யுக்தி புதிதன்று. ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கராஸ் என்ற இருவர் 1996-இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்னும் மென்பொருள் ஒரு கோப்புக்குள்ளேயே மாறிய பகுதியைக் கண்டுபிடித்து அதை மட்டும் அனுப்பியது. இன்றைய விண்டோஸிலும் மேக்கிலும் உள்ள காப்பு வசதிகளும் முதல் தடவைக்குப் பிறகு மாறியவற்றை மட்டுமே தேடிப்போகின்றன. முதல் நாள் அனுபவத்தை வைத்து வாழ்நாள் முழுவதும் இப்படித்தான் என்று தீர்மானித்துவிடுகிறவர்கள் இந்த ஒன்றை அறிந்திருந்தால் பாதி டிஸ்க்குகள் அலமாரிக்குப் போயிரா.

பெரிய கோப்பும் ஊர்ந்துதான் போகிறது என்றால் பாதையைப் பரிசோதிக்க வேண்டும். டிஸ்க்கை நேராகக் கணினியில் செருகியிருந்தால் பாதை குறுகியது; பார்க்க வேண்டியது வாயிலையும் கேபிளையும் மட்டும். 2000-ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி இரண்டாம் பதிப்பு ஏட்டளவில் 480 மெகாபிட். நடைமுறையில் வினாடிக்கு முப்பது, நாற்பது மெகாபைட்டுக்கு மேல் தருவதில்லை. 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு அதைப்போல் பத்து மடங்கு. அந்த வேகத்தை எட்டுவதற்குமுன் டிஸ்க்கே மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். மூன்றாம் பதிப்பின் வாயிலுக்குள் பெரும்பாலும் நீல நிறம் தெரியும். மேஜைக் கணினியின் முன்புறத்தில் கைக்கு எட்டும் வாயில் பழையதாகவும், குனிந்து தேட வேண்டிய பின்புற வாயில் புதியதாகவும் இருப்பது சகஜம். சோம்பலினால் முன்புறத்தில் செருகியவர் ஒன்றேகால் மணி நேர வேலையை நான்கு மணி நேர வேலையாக்கிக்கொள்கிறார். டிஸ்க்குடன் வந்த கேபிளைத் தொலைத்துவிட்டுக் கைபேசி சார்ஜருடன் வந்ததை மாட்டுவதும் அதே பலனைத்தான் தரும். பொருந்துகிறது என்பதாலேயே அது தக்க கேபிள் ஆகிவிடாது. இவற்றில் எதுவும் இல்லாமல், முதல் சில நிமிஷங்கள் வேகமாக ஓடிப் பிறகு திடீரென்று படுத்துவிடும் டிஸ்க்குகளும் உண்டு. ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதுபோல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதி, குறைந்த இடத்தில் அதிகம் அடைக்கும் வகை அது. ஒரு தடத்தை மாற்ற வேண்டுமானால் அடுத்தடுத்த தடங்களையும் திருப்பி எழுத வேண்டியிருப்பதால் நீண்ட நேரம் எழுதும்போது திணறுகிறது. இந்த வகையென்று வெளியில் சொல்லாமலே பெரிய நிறுவனங்கள் டிஸ்க்குகளை விற்றது 2020-இல் அம்பலமாகி உலகெங்கும் வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்வது நமது உரிமை.

ஆனால் இக்காலத்தில் பலர் கணினியில் நேராகச் செருகுவதில்லை. ரூட்டரில் மாட்டிய டிஸ்க்குக்கோ, வலைச் சேமிப்புப் பெட்டி ஒன்றுக்கோ வைஃபை வழியாக அனுப்புகிறார்கள். வீட்டிலுள்ள ஐந்து பேரின் கைபேசிகளும் கணினிகளும் தாமாகவே ஓரிடத்தில் பிரதி வைத்துக்கொள்ளும் என்பது மிகச் சிறந்த ஏற்பாடுதான். மந்தகதியின் பிரதான ஸ்தலமும் இதுவேயாகிவிடுகிறது.

வைஃபை என்பது பொதுவான ஆகாயத்தில் பேசுவது. ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும்; மற்றவர் காத்திருக்க வேண்டும். கூடத்தில் ஒருவர் சினிமா பார்க்க, மாடியில் ஒருவர் பாடம் கேட்க, அதற்கிடையே நம் பிரதியும் முறை பார்த்துப் போக வேண்டும். மடிக்கணினியும் வைஃபையில், சேமிப்புப் பெட்டியும் வைஃபையில் என்று வைத்துவிட்டால், ஒவ்வொரு பைட்டும் கணினியிலிருந்து ரூட்டருக்கு ஒரு தடவையும் ரூட்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு தடவையுமாக அதே ஆகாயத்தை இருமுறை கடக்கிறது. வேகம் பாதியாகிவிட்டதே என்று நாம் அங்கலாய்க்கிறோம். சமிக்ஞை எட்டாத அறைக்கென்று ‘ரிப்பீட்டர்’ வாங்கி நடுவில் மாட்டினால் சில வகைகளில் மறுபடியும் பாதி, ஏனெனில் ஒரே வானொலியைக் கொண்டு கேட்பதையும் திருப்பிச் சொல்வதையும் அது செய்ய வேண்டியிருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் மேலும் கீழும் பக்கத்திலுமாக எத்தனை வீடுகள் அந்த மூன்றில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன என்பதைக் கைபேசியில் தெரியும் பெயர்ப் பட்டியலைக் கொண்டே ஊகிக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் கருவிகளும் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. இவற்றைவிட விசித்திரமான ஒன்று உண்டு. யூஎஸ்பி மூன்றாம் பதிப்புச் சாதனங்களும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்புகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் விவரித்தது. ஆகவே வேகமான டிஸ்க்கைப் பக்கத்தில் செருகி வைத்த அந்தக் கணத்தில் வைஃபை தளர்ந்துபோனால் அது பிரமையன்று.

ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் அந்த அலை சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். வெளிநாடுகளில் பல வீடுகள் மரச் சட்டமும் மெல்லிய பலகையுமாக இருப்பவை. நமது வீடுகளோ ஒன்பதங்குலச் செங்கல் சுவரும், கம்பி கட்டிய கான்கிரீட் தளமும், கான்கிரீட் தூண்களுமாக நிற்பவை. வெயிலுக்கும் மழைக்கும் அது உத்தமமானது. வானொலி அலைக்கு அது கோட்டை மதில். போதாக்குறைக்கு, கண்ணாடியிழை கேபிள் எந்த மூலையில் வீட்டுக்குள் நுழைகிறதோ அந்த மூலையிலேயே, பெரும்பாலும் வாசலுக்கு மேலே அல்லது டிவிக்குப் பின்னால், பொருத்துகிறவர் ரூட்டரை அடித்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவருக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருக்கிறது. வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டிய பெட்டி செருப்பு அலமாரிக்கு மேலே கிடக்கிறது. இன்னும் பத்தடி கேபிள் இழுத்து நடுக்கூடத்தில் வைக்கும்படி அன்றைக்கே அவரிடம் கேட்டுக்கொள்வதற்குச் செலவு அதிகமில்லை. வாய் திறந்து கேட்க வேண்டியது ஒன்றே.

நிரந்தரமான பரிகாரம் என்று நான் கருதுவது பழைய பரிகாரம்: கம்பி. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தில் 1973-இல் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட் என்னும் ஏற்பாடு இன்றும் உலகத்தின் அலுவலகங்களையும் சர்வர்களையும் தாங்கி நிற்கிறது. சாதாரண வீடுகளுக்கு வேண்டிய ஆயிரம் மெகாபிட் வேகம் சாமானியமான செம்புக் கேபிளில் ஓடலாம் என்று 1999-லேயே நியமம் வகுக்கப்பட்டுவிட்டது. கடைக்காரர் ‘லேன் கேபிள்’ என்று எடுத்துக் கொடுக்கும் அதற்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. நூறு மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஆயிரத்துக்கு நான்கும் வேண்டும். இந்த ஒரு சிறு உண்மைதான் எத்தனையோ வீடுகளின் மந்தகதிக்கு விளக்கம். முனையில் பிளக்கைப் பொருத்தும் ‘கிரிம்பிங்’ சரியாக விழாமலோ, கதவிடுக்கில் நசுங்கியோ, எலி கடித்தோ எட்டில் ஒரு கம்பி அறுந்துபோனால் இணைப்பு முற்றிலும் துண்டிக்கப்படுவதில்லை. பல சமயங்களில் ஓசைப்படாமல் நூறுக்கு இறங்கி வேலை செய்துகொண்டே இருக்கிறது. விளக்கு எரிகிறது, இணையம் வருகிறது, ஒருவருக்கும் சந்தேகம் எழுவதில்லை. கணினியின் வலை அமைப்புப் பக்கத்தில் இணைப்பு வேகம் என்ற இடத்தில் 1000 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா என ஒருமுறை பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

கேபிள் வாங்குவதிலும் ஜாக்கிரதை வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலானாலும் மாவட்டத் தலைநகரத்துக் கடைகளிலானாலும், அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியது மலிவாகக் கிடைக்கிறது. எளிதில் ஒடிவது, மின் தடை அதிகமுள்ளது, சுவருக்குள் புதைத்த பிறகு பழுதானால் சுவரை உடைக்க வேண்டியது. முழுச் செம்பில் கேட்5இ அல்லது கேட்6 என்று கேட்டு வாங்குவதே லாபம். அப்படி வாங்கியும் வேகம் நூறிலேயே நின்றால், சேவை நிறுவனம் கொடுத்த பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். நான்கு வாயில்களில் ஒன்று மட்டும் ஆயிரத்துக்கும் மற்ற மூன்றும் நூறுக்கும் என்று அமைந்த மலிவுப் பெட்டிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அதற்காக இணைப்பையே மாற்ற வேண்டியதில்லை. ஆயிரம் மெகாபிட் ‘ஸ்விட்ச்’ ஒன்றை வாங்கிக் கணினியையும் சேமிப்புப் பெட்டியையும் அதில் மாட்டிவிட்டால் அவை தமக்குள் முழு வேகத்தில் பேசிக்கொள்ளும்.

இரண்டாவது ரூட்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழையதன் பின்னால் புதியதை அப்படியே கோத்துவிட்டால் ஒரே வீட்டுக்குள் இரண்டு வலைகள் உண்டாகி, ஒன்றில் இருக்கும் கணினிக்கு மற்றதில் இருக்கும் டிஸ்க் கண்ணுக்கே தெரியாமல் போகும். இரண்டாவதை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ நிலையில் வைத்து, முகவரி வழங்கும் அதிகாரத்தை ஒரு பெட்டியிடம் மட்டும் விட்டுவையுங்கள். கூடவே பெட்டியின் தயாரிப்பாளர் இட்ட கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றித்தான் மிராய் என்னும் நிரல் 2016-இல் அமெரிக்காவின் பெரிய இணையதளங்களை ஒரு நாள் ஸ்தம்பிக்க வைத்தது.

வேகம் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருக்கெடுத்தபோது சென்னையின் தாழ்ந்த பகுதிகளில் தரைத்தள வீடுகளில் நீர் புகுந்தது. ஒரே மேஜையில் இருக்கும் கணினியையும் அதன் காப்பு டிஸ்க்கையும் அத்தகைய வெள்ளம் பிரித்துப் பார்க்காது. 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்னும் பணயத் தீநிரல் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைத் தாக்கி, இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகளை ஒத்திவைக்கும்படி செய்தபோது, அது ஒரு வலைக்குள்ளிருந்த கணினிகளுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வசதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. கணினியோடு எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க் அத்தகைய நிரலுக்குக் கணினியின் இன்னோர் அறை மட்டுமே. ஆகவேதான் புகைப்படக் கலைஞர் பீட்டர் கிராக் சொல்லிப் பரவிய விதி இன்றும் மதிக்கப்படுகிறது: பிரதி மூன்று, சாதன வகை இரண்டு, அவற்றுள் ஒன்று வெளியிடத்தில். வெளியிடத்துப் பிரதியை இணையத்தின் வழியே அனுப்புவதானால், அப்போதுதான், அந்த ஓர் இடத்தில்தான், மாதச் சந்தாவின் வேகம் பேச வருகிறது. அதிலும் இறக்கும் வேகம் அன்று, ஏற்றும் வேகம். ஏற்றும் வேகம் பத்து மெகாபிட் எனில் நாம் எடுத்துக்கொண்ட ஐந்நூறு கிகாபைட்டுக்கு நாலரை நாளுக்கு மேல் இரவு பகலாக ஓட வேண்டும். அதைவிட, இன்னொரு டிஸ்க்கில் எடுத்து அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்து, பண்டிகைக்குப் பண்டிகை மாற்றிக்கொண்டு வருவது பல குடும்பங்களுக்கு உசிதமாயிருக்கும்.

எடுத்த பிரதி திரும்ப வருமா என்று பார்க்காதவரை அது பிரதியே அன்று என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் அழிந்துகொண்டே போயின. காப்புப் பிரதியை எடுத்துப் பார்த்தால் அது பல நாளாகச் சரிவர எழுதப்படவே இல்லை. பிரசவத்துக்குப் பின் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காகத் தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த கேலின் சஸ்மன் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான கணினியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புக்கென்று வைத்திருந்த ஐந்து ஏற்பாடுகளில் ஒன்றும் நம்பும்படி வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காக எடுத்த பிரதி ஒன்று இருந்தது. அதுவும் வேகம் குறைந்த டிஸ்க்கில் இருந்ததால் அதைத் திருப்பி எடுத்துத் தளத்தை எழுப்புவதற்குள் ஏறக்குறைய பதினெட்டு மணி நேரம் கழிந்துவிட்டது. எழுதுவதற்கு மந்தமான பாதை திருப்பி எடுப்பதற்கும் மந்தமாகவே இருக்கும், அதுவும் நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் வேளையில்.

இனி நான் இவ்வளவும் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இன்று தமிழ்நாட்டில் ஒரு வீடு கட்டும்போது மின்சாரக் கம்பிக்குச் சுவரில் காடி வெட்டிக் குழாய் பதிக்கிறோம், தண்ணீருக்குப் பதிக்கிறோம், ஏசி வைக்கும் உத்தேசம் இல்லாத அறையில்கூட அதற்கு ஒரு துவாரம் விட்டு வைக்கிறோம். கணினிக் கம்பிக்குக் குழாய் பதிக்கும் வீட்டுக்காரரைக் காண்பது அரிது. பிறகு குடியேறியதும் வைஃபை எட்டவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகளை வாங்கி மாட்டி, கடைசியில் சுவரோரமாக ஆணியடித்துக் கேபிளை இழுத்து, வெள்ளையடித்த வீட்டை விகாரமாக்கிக்கொள்கிறோம். வருங்காலம் கம்பியில்லாக் காலம்தானே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. வைஃபையின் புதிய பதிப்பு ஒவ்வொன்றும் முந்தையதைவிட வேகமாகத்தான் வருகிறது. ஆனால் அந்த வேகத்துக்காக அது மேன்மேலும் உயர்ந்த அலைவரிசைகளை நாடுகிறது, அலைவரிசை உயர உயரச் சுவரைத் துளைக்கும் சக்தி குறைகிறது. அறைக்கொரு வைஃபைப் புள்ளி என்பதுதான் நம் கான்கிரீட் வீடுகளுக்கு வந்து சேரப்போகும் முடிவு. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் முழு வேகத்தில் இயங்க அதற்குப் பின்னால் ஒரு கம்பி வேண்டும். கம்பியில்லா வசதி நன்றாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறவரே முதலில் கம்பி பதிக்க வேண்டியவர்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்குத் தரமதிப்பு அளிப்பதற்கான விதிகளை 2024 அக்டோபரில் வெளியிட்டிருக்கிறது. நல்ல தொடக்கம்தான், ஆயினும் அது விரும்பினால் பெற்றுக்கொள்ளும் மதிப்பு, கட்டாயமன்று. ஊரில் ஒரு மேஸ்திரியையும் ஓர் எலக்ட்ரீஷியனையும் வைத்துக்கொண்டு ஆயிரம் சதுர அடியில் வீடு கட்டும் நம் நடுத்தரக் குடும்பத்துக்கு அது எட்டப்போவதுமில்லை. ஆகவே வேண்டுகோளை நேராகவே வைக்கிறேன். வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்களே, பூச்சு வேலைக்கு முன் உங்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வீட்டின் நடுவில் ஓரிடத்தை ரூட்டருக்கென்று ஒதுக்கி, வாசலிலிருந்து அதற்கும் அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் முக்கால் அங்குலப் பிவிசி குழாய் ஒன்றை, மின்சாரக் குழாயிலிருந்து தனியாக, பதித்துவிடச் சொல்லுங்கள். கேபிளை இன்றைக்கே இழுக்கப் பணமில்லையானால் உள்ளே ஓர் இழுகயிற்றை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள், கேபிள் பிறகு வரும். அடுக்குமாடி கட்டி விற்பவர்கள் இதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் ஆடம்பரமாகக் கருதாமல் குடிநீர்க் குழாயைப்போல் கணக்கில் சேர்க்க வேண்டும். இணைப்பு விற்பவர்களும் தாம் கொடுக்கும் பெட்டியின் ஒவ்வொரு வாயிலும் எத்தனை மெகாபிட் என்பதை அதன் மேலேயே தமிழில் அச்சிட்டுக் கொடுக்கட்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒரு நீளமான கேபிளை வாங்கி, முதல் பிரதியை எடுக்கும் அந்த ஓர் இரவுக்கு மட்டுமாவது தரையில் விரித்து மாட்டி, கணினி உறங்காதபடி அதன் அமைப்பை மாற்றிவிட்டுப் படுக்கப் போகலாம்.